பந்து போடலாம், கேப்டன் ஆகக் கூடாது

பல்வங்கர் பாலுவின் இடதுகைச் சுழற்பந்தின் தரத்தைப் பற்றிப் பம்பாயில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. 1911-இல் பட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தவர் அவர். பிறந்தது தோல் வேலை செய்யும் சம்பார் சாதியில்; அந்தத் தொழிலின் மீது ஊர் பூசும் இழிவைத் தாராவித் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதான ஊழியராக இருந்தபோது கிரெய்க் என்ற ஆட்டக்காரருக்குப் பந்து போட்டுப் போட்டே தேறினார். ஜெயிக்க அவர் வேண்டும் என்று தெரிந்ததும் அங்கிருந்த இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்டது. தேநீரை மட்டும் வெளியே நிற்கவைத்து மண் குவளையில் கொடுத்தது. பிறகு பம்பாய்க்கு வந்து இந்து ஜிம்கானாவுக்கு ஆடியபோது சேர்ந்து உண்ணவும் இடம் கிடைத்தது. கேப்டன் பதவிதான் கடைசிவரை கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. விக்கெட்டை எண்ணிவிடலாம், பத்து எடுத்தவனை ஐந்து என்று சொல்ல எந்தக் கமிட்டியாலும் முடியாது. தலைமைத் தகுதிக்கு அப்படிக் கணக்கு கிடையாது. படிப்பு, குடும்பம், பழகும் விதம் என்று எதையும் அளவுகோலாக வைக்கலாம். சாதி போய் உட்கார்ந்த இடம் அதுதான். அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்திலும் இதே கதை. கறுப்பின ஆட்டக்காரர்களை வைத்துக் கோப்பை வாங்கிய பெரிய பல்கலைக்கழகங்களின் வரிசையில், ஒரு கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளரானது 1979-இல்தான்: விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வில்லி ஜெஃப்ரிஸ். கறுப்பினத்தவருக்கான கிராம்ப்ளிங் கல்லூரியில் 408 ஆட்டம் ஜெயித்துக் காட்டிய எடி ராபின்சன், கடைசிவரை கிராம்ப்ளிங்கிலேயே இருந்தார்.

பாலுவுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் என்று சொல்வோர் உண்டு. அவரை மீண்டும் ஒதுக்கிய 1920-க்கு அது பொருந்தலாம், அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். 1913-க்குப் பொருந்தாது. அந்த ஆண்டு இந்து அணிக்குக் கேப்டனான எம்.டி. பாய், தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்குப் போயிருக்க வேண்டிய பதவி இது என்று வெளிப்படையாகச் சொன்னார். பதவி பெற்றவரே சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

காலம் மாறியது, 1923-இல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார், ஆகவே தடை தானாக விலகியது என்பது இன்னொரு வாதம். காந்தி தீண்டாமையைப் பேசத் தொடங்கியது உதவியது உண்மை. ஆனால் நடுவில் 1920 இருக்கிறது. மதவாரியாக அணிகள் மோதும் பம்பாய்ப் போட்டியில், பாய் உடல்நலமின்றி இருக்க, பாலுவை அணியிலிருந்து நீக்கிவிட்டுப் பேராசிரியர் தேவ்தரைக் கேப்டன் ஆக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து, காரணம் சாதிதான் என்று பத்திரிகையில் அறிவித்தார்கள். இறுதி ஆட்டத்துக்குள் பாலு துணைக் கேப்டனாகத் திரும்ப அழைக்கப்பட்டார். கேப்டனாகத் திரும்பியிருந்த பாய் இடையிடையே மைதானத்தைவிட்டு வெளியேறி அவரை வழிநடத்த விட்டார். மூன்று ஆண்டில் விட்டல் தலைமையில் இந்துக்கள் ஐரோப்பியரை வென்றார்கள். கமிட்டிக்கு ஞானோதயம் வந்தது அண்ணன் தம்பிகள் வெளியேறிய பிறகுதான். காலத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பது கொஞ்சம் தாராளம்.

பின்னர் பாலு அரசியலுக்கு வந்தார். தமிழகத்தின் தலித் தலைவர் எம்.சி. ராஜாவோடு 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து நிறுத்த ஒரு பெயர் தேவைப்பட்டபோது காங்கிரஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்த முறை அவர் தகுதியை எவரும் கேள்வி கேட்கவில்லை. சுமார் 2,000 வாக்கில் தோற்றார்.