வைகுந்தனென்னும் தோணி: வடசென்னைக் கரையின் மரக்கலங்கள்

நாச்சியார் திருமொழியின் ஐந்தாம் பதிகத்தில் ஆண்டாள் குயிலை நோக்கித் தன் ஆற்றாமையைக் கூறுமிடத்து, துன்பத்தைக் கடலாகவும் வைகுந்தனை அதைக் கடத்தும் தோணியாகவும் அருளிச்செய்கிறாள். முகுந்தமாலையில் குலசேகரப் பெருமாளும் விஷ்ணுவையே ஸம்ஸார ஸாகரத்தில் அழுந்துவார்க்குப் புகலான போதமாகக் காட்டுகிறார். வங்கம், கலம் முதலான பெருங்கப்பற் பெயர்கள் வழங்கியிருக்க, நாச்சியார் சிறிய தோணியைக் கொண்டது ஏன்? வடசென்னைக் கடற்கரையின் வரலாறு இதனைச் சிந்திக்கத் துணைசெய்கிறது.

சென்னையில் 1639ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இடம் பெற்ற பின்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இங்குத் துறைமுகம் இல்லை. மாக்கடலைக் கடந்து வந்த கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. இடையில் இருந்தது ஓயாது மடிந்து விழும் அலைவரிசை. ஆணியடித்து இறுக்கிய மேனாட்டுப் படகுகள் அவ்வலையில் மோதி உடைந்தன. ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலா படகு. அதில் ஆணி இல்லை, உள்ளே விலாச்சட்டமும் இல்லை. மெல்லிய அகன்ற பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்து, தையலின்மேல் நாரையோ வைக்கோலையோ வைத்து இறுக்குவர். அலை அறையும்போது பலகைகள் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். ஆதலால் படகு உடையாது. விறைத்தது முறிய, குழைந்தது கரைசேர்த்தது.

கட்டுமரம் இதனினும் எளியது. மிதக்கும் இயல்புடைய மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். தொழில் முடிந்ததும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். அலை புரட்டினும் அது மூழ்காது. விழுந்தவன் மீண்டும் பற்றி ஏறலாம். இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள மீனவர் குப்பங்களின் வாழ்வு இம்மரங்களின்மேல் நடந்தது.

1861இல் கடலுக்குள் இரும்புத் துறைமேடை நீண்டது. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தும், அவை மீண்டும் எழுந்தன. கப்பல் கரையையே அணையத் தொடங்கவே மசூலா படகுக்கு வேலை குறைந்து, நாளடைவில் அது மறைந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகு பிடித்தது.

இக்கலங்களை ஆண்டாள் காலத்தன என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் கடலின் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே. பெருங்கலம் எத்துணை உயர்ந்ததாயினும், கரையில் நிற்பவனுக்கும் அலையில் தவிப்பவனுக்கும் எட்டாது நிற்கும். எட்டுவது தாழ்ந்து, குழைந்து, அவனிருக்குமிடத்துக்கே வரும் சிறுகலம். பரத்வத்துக்குக் கப்பலையும் ஸௌலப்யத்துக்குத் தோணியையும் ஒப்பிட்டு நோக்கின், வைகுந்தன் என்று மேன்மை தோன்றச் சொன்ன வாயாலேயே தோணி என்று நாச்சியார் எளிமை தோன்றச் சொன்னதன் சுவை புலனாகும். எட்டாத நிலத்துக்கு உரியவன்தானே எட்டும் மரமாக வரவேண்டும் என்பதன்றோ அவள் தவிப்பு!

இரும்புக் கப்பலை மட்டுமே கண்டு வளரும் தலைமுறைக்கு இப்பாசுரத்தைச் சொல்வோர், நாரால் தைத்த பலகையையும் கயிற்றால் பிணைத்த மரத்தையும் உடன் சொல்லுதல் நன்று. பொருளை அறியாதார்க்கு உவமை வெறுஞ்சொல்லாய் நின்றுவிடும்.