பனியன் துணியும் மீக்கடத்தியும்

"பனியன் ஊரில் மீக்கடத்தி பற்றி என்னங்க பேச்சு?" என்று மலர்க்குழு நண்பர் சிரித்தார். பேசத்தான் வேண்டும். பி.எஸ்ஸி. வகுப்பில் முடிந்துபோன பாடமாக நாம் மனப்பாடம் செய்தது இன்னும் முடியவில்லை.

1911-இல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தைக் குளிர்வித்தார். சுமார் 4.2 கெல்வினில் மின்தடை அடியோடு மறைந்தது. காரணம் 46 ஆண்டுகள் பிடிபடவில்லை.

1950-இல் துப்புக் கிடைத்தது. அமெரிக்காவில் இரு குழுக்கள் தனித்தனியே பாதரச ஐசோடோப்புகளைச் சோதித்தன. அணு கனமாக ஆக, மீக்கடத்தியாகும் வெப்பநிலை குறைந்தது. எலக்ட்ரான் எண்ணிக்கை அதேதான். மாறியது எடை மட்டும். எடை கூடினால் அணு மெதுவாக அதிரும். ஆக, அணிக்கோவையின் அதிர்வுக்கும் இதில் பங்கு உண்டு!

1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கம் தந்தனர். நம்ம ஊர் முறையில் சொல்கிறேன். பின்னல் துணியில் ஒரு கண்ணியை இழுங்கள். பக்கத்துக் கண்ணிகளும் கூடவே வரும். அப்படித்தான், எலக்ட்ரான் போகும் வழியில் நேர்மின் அயனிகள் அதன் பக்கம் சாய்கின்றன. எலக்ட்ரான் பறந்துவிடும், கனத்த அயனிகள் பழைய இடம் திரும்ப நேரமாகும். அதற்குள் அங்கே கூடிய நேர்மின்னேற்றம் இன்னொரு எலக்ட்ரானை ஈர்க்க, இரண்டும் ஜோடி சேரும். ஜோடிகள் எல்லாம் ஒரே நிலையில் ஒன்றாக ஓடும்போது தடை இல்லை. சாதாரண வெப்பநிலையில் மின்னோட்டத்தை மறிக்கும் அதே அதிர்வுதான் கடுங்குளிரில் தரகு வேலை பார்க்கிறது.

1986-இல் வந்த தாமிர ஆக்சைடுகளுக்கு இந்த விளக்கம் போதவில்லை. ஆனால் 1994-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நாகராஜன் உள்ளிட்ட குழு, இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் சேர்ந்த பொருளில் சுமார் 12 கெல்வினில் மீக்கடத்தலைக் கண்டது. மறு ஆண்டே, போரான் ஐசோடோப்பை மாற்றினால் அந்த வெப்பநிலையும் மாறுவது தெரிந்தது. அட, பழைய பாடம் இங்கே சரிதான்!

2017-இல் அதே நிலையத்தின் ராமகிருஷ்ணன், தமிழவேள் குழு 'சயன்ஸ்' இதழில் எழுதியது: தூய பிஸ்மத் 0.00053 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி. பிஸ்மத்தில் லட்சம் அணுக்களுக்குச் சுமார் ஒரு எலக்ட்ரான்தான் ஓடித் திரியும். எலக்ட்ரான் விரைவு, அணிக்கோவை மெதுவு என்பதே 1957 கணக்கின் அஸ்திவாரம். பிஸ்மத்தில் அந்த அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, தேர்வில் மூவர் கொள்கையை முழுசாக எழுதுங்கள். எழுதியபின், "பிஸ்மத்தில் யார் தரகர்?" என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அந்தக் கேள்வியோடு நம் கல்லூரியிலிருந்து ஒருவராவது ஆராய்ச்சிக்குப் போனால், அடுத்த மலரில் எழுத எனக்கு வேலை இருக்கும்.