மாலிக் சிடிபேயும் பமாக்கோ நகரின் விருந்து ஒளிப்படங்களும்

மாலிக் சிடிபே மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர். 1950களின் பிற்பகுதியில், ஒரு பிரெஞ்சுக்காரரின் போட்டோ கடையில் பகலில் வேலை பார்த்துக்கொண்டே, மற்ற நேரங்களில் திருமணம், பெயர்சூட்டு விழா, இளைஞர்களின் நடன விருந்து போன்றவற்றைப் படமெடுக்கத் தொடங்கினார். படத்தில் இருப்பவருக்கே ஒரு பிரதி விற்க வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் இளைஞர்கள் எப்படி உடுத்தினார்கள், எந்த இசைக்கு ஆடினார்கள், தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பதற்கு இன்று கிடைக்கும் சிறந்த சான்றுகளில் அவையும் அடங்கும்.

பின்னணி

சிடிபே 1930களின் நடுப்பகுதியில் சொலோபா என்னும் சிற்றூரில் பிறந்தார். கால்நடை வளர்க்கும் புலானி இனக் குடும்பம். நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ‘பிரெஞ்சு சூடான்’ என்று அழைக்கப்பட்டது. இன்று வடகிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சூடான் நாடு வேறு, இது வேறு. மாணவர்கள் பழைய நிலப்படங்களைப் பார்க்கும்போது இதில் குழம்புவது உண்டு.

சிறுவயதில் ஆடுமாடு மேய்த்த அவர் சற்றுத் தாமதமாகவே பள்ளிக்குப் போனார். படம் வரைவதில் கைதேர்ந்தவராக இருந்ததால், 1952இல் தலைநகர் பமாக்கோவில் இருந்த கைவினைக் கல்விக்கூடத்தில் சேர வாய்ப்புக் கிடைத்தது. படிப்பு முடிந்த 1955ஆம் ஆண்டில் ஜெரார் கியா என்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரர் தம் கடையை ஓவியங்களால் அழகுபடுத்த ஆள் தேடினார். அந்த வேலைக்குப் போன சிடிபே அங்கேயே தங்கிவிட்டார். ஊர் மக்கள் கியாவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஜெஜே லா பெலிகூல்’. ‘பிலிம் ஜெஜே’ என்று தமிழில் சொல்லலாம்.

கடையில் வேலை, ஓய்வில் படம்

கடையில் சிடிபேக்குக் கேமரா வேலை உடனே கிடைத்துவிடவில்லை. கல்லாவில் இருந்தார், பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார், வாடிக்கையாளர்களைக் கவனித்தார். கியா வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1956இல் முதல் கேமராவை வாங்கினார். அது கோடாக் நிறுவனத்தின் ‘பிரவுனி பிளாஷ்’.

பிரவுனி, விலை மலிவான பெட்டி வகைக் கேமரா. வசதியற்றவரும் படமெடுக்கலாம் என்ற நோக்கில் கோடாக் நிறுவனம் 1900இல் முதல் பிரவுனியை ஒரு டாலர் விலைக்கு விற்றது. பிற்காலத்து வகைகளிலும் லென்சு நிலையானது. திருப்பிச் சரிசெய்ய அதில் அதிகமாக ஒன்றும் இருக்காது. ஆனால் சிடிபே வாங்கிய வகையில் பிளாஷ் விளக்கு பொருத்த முடியும். இரவு விருந்துகளைப் படமெடுப்பவருக்கு அந்த ஒரு வசதிதான் முதலீடு.

அக்காலப் பமாக்கோவில் பெயர்பெற்ற ஒளிப்படக்காரர் சேய்டு கெயிட்டா. 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய அவர், பெரிய கேமராவை முக்காலியில் நிறுத்தி, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தார். வாடிக்கையாளர் நல்ல உடை உடுத்தி அவரிடம் வருவார். சிடிபேயின் முறை இதற்கு நேர்மாறு. அவர் மிதிவண்டியில் வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போனார்.

நகரம் இரண்டாகப் பிரிந்து கிடந்ததும் அவருக்கு உதவியது என்றுதான் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் நடத்திய நடன விழாக்களைக் கியா படமெடுத்தார்; ஆப்பிரிக்கர் வீட்டு விசேடங்கள் சிடிபேயிடம் வந்தன. வெள்ளையர் கடைக்குள் நுழையத் தயங்கிய மக்கள் தங்களுள் ஒருவரிடம் தயக்கமின்றிப் பேசினார்கள். குடியேற்ற ஆட்சியின் பாகுபாடு, அதே பாகுபாட்டால் ஒதுக்கப்பட்ட ஓர் இளைஞருக்குத் தனிச் சந்தையை உருவாக்கித் தந்தது. வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரிதல்ல.

1957இல் அவர் முழுநேர ஒளிப்படக்காரர் ஆனார். 1958இல் பமாக்கோவின் பகதாஜி பகுதியில் ‘ஸ்டுடியோ மாலிக்’ திறக்கப்பட்டது. மிகச் சிறிய இடம். ஆயினும் அவர் சாகும்வரை அதுவே அவருடைய முகவரி.

சனிக்கிழமை இரவின் கணக்கு

1960 செப்டம்பர் 22 அன்று மாலி தனிக் குடியரசானது. விடுதலையின் உற்சாகமும் வானொலியும் இசைத்தட்டும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. பகுதிக்குப் பகுதி இளைஞர் சங்கங்கள் தோன்றின. பீட்டில்சு, காட்டுப் பூனைகள் என்றெல்லாம் தாங்கள் கேட்ட இசைக்குழுக்களின் பெயர்களையே அவை சூடிக்கொண்டன. டுவிஸ்ட், ராக் அண்டு ரோல், கியூபா நாட்டு இசை, பின்னர் ஜேம்சு பிரவுன் என்று ஆட்டம் மாறிக்கொண்டே இருந்தது. பிரெஞ்சில் ‘சர்ப்ரைஸ் பார்ட்டி’ என்றே இந்த விருந்துகளைச் சொன்னார்கள்.

சங்கங்கள் முன்கூட்டியே சிடிபேக்கு அழைப்பு அனுப்பின. ஒரே சனிக்கிழமை இரவில் நான்கு, ஐந்து விருந்துகளுக்குக்கூட அவர் போனதுண்டு. படக்காரர் வந்தால்தான் விருந்துக்கு மதிப்பு என்ற நிலை உருவாகியது. வந்து சேர்ந்ததும் ஒருமுறை பிளாஷைப் பளிச்சிடச் செய்வார். உடனே ஆட்டம் சூடுபிடிக்கும் என்று அவரே பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

விடியற்காலையில் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் பிலிமைக் கழுவுவார். நெகட்டிவ் அளவிலேயே சின்னச் சின்னப் பிரிண்டுகள் போட்டு, அவற்றை வண்ணக் காகித உறைகளின் மேல் வரிசையாக ஒட்டி எண் இடுவார். உறையில் சங்கத்தின் பெயரும் தேதியும் இருக்கும். வாரத் தொடக்கத்தில் அவை கடைமுன் தொங்கும். இளைஞர்கள் கூட்டமாக வந்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, தமக்கு வேண்டிய எண்ணைச் சொல்லிப் பெரிய பிரதி கேட்பார்கள். தனக்கென்று வாங்கியவர் உண்டு. உடன் ஆடிய பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கியவரும் உண்டு. பார்த்துச் சிரித்துவிட்டு வாங்காமல் போனவர்களும் இருந்தார்கள்.

இங்கேதான் தொழிலின் நெருக்கடி இருக்கிறது. திருமண வீட்டார் முன்பணம் கொடுத்து அழைத்துவரும் படக்காரர் நிலை வேறு. விருந்தில் எடுத்த படத்தைப் பிறகு தனித்தனி ஆளுக்கு விற்பவருக்குப் பிலிம், விளக்கு, இரசாயனம், தாள் எல்லாம் முதலில் கைச்செலவு. எளிய கேமராவின் பிளாஷ் குமிழ் ஒருமுறைதான் எரியும். அடுத்த படத்துக்குப் புதுக் குமிழ் வேண்டும். சதுர வடிவப் படத்துக்கான சுருளில் 12 படங்களே அடங்கும். ஆகவே விரலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி உண்டு: இந்தப் படத்தை யாராவது வாங்குவாரா? தன் புதுச் சட்டையும் கண்ணாடியும் நன்றாகத் தெரிய வேண்டும், தான் ஆடுவது தெரிய வேண்டும், நண்பர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே வாங்குபவரின் விருப்பம். சிடிபேயின் விருந்துப் படங்களில் பெரும்பாலும் எல்லோருடைய முகமும் தெளிவாக இருப்பதற்கும், யாரையும் இழிவாகக் காட்டும் கோணம் இல்லாததற்கும் அவருடைய இயல்பான நயத்தோடு இந்தக் கணக்கும் காரணமாக இருந்திருக்க வேண்டும். கலை விமர்சகர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இரவெல்லாம் ஆடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை நைசர் ஆற்றங்கரைக்குப் போவார்கள். குளியல், தேநீர், கையோடு கொண்டுபோன இசைத்தட்டுக் கருவி. சிடிபேயும் போவார். பிளாஷ் தேவைப்படாத இந்தப் பகல் படங்களில் ஒரு தனி நிதானம் உண்டு.

கிறித்துமசு இரவு, 1963

அவருடைய படங்களில் உலகெங்கும் அறியப்பட்டது ‘நுவி தெ நொயேல்’, அதாவது ‘கிறித்துமசு இரவு’. 1963இல் ‘ஹேப்பி கிளப்’ விருந்தில் எடுத்தது. வெளிர்நிறக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவரும் வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஒருவரும் திறந்த வெளியில் ஆடுகிறார்கள். தலைகள் ஏறக்குறைய ஒட்டியிருக்கின்றன. இருவர் கண்ணும் காலடியில். பெண்ணின் காலில் செருப்பு இல்லை. காதலர் என்று பலரும் எண்ணிய இந்த இருவரும் அண்ணன் தங்கை என்று சிடிபே கூறியிருக்கிறார். 2016இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் வெளியிட்ட, பெருந்தாக்கம் ஏற்படுத்திய 100 ஒளிப்படங்களின் தொகுப்பில் இதுவும் இடம்பெற்றது. மாலி மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முசுலிம்கள். அந்த நாட்டில் கிறித்துமசு இரவு எல்லோருக்கும் ஆட்டத்துக்கான ஒரு நாளாக இருந்தது என்பதையும் படத்தின் தலைப்பு சொல்லாமல் சொல்கிறது.

அரசின் பார்வை

முதல் குடியரசுத் தலைவர் மொடிபோ கெயிட்டா சமதர்மக் கொள்கையர். (கெயிட்டா என்பது மாலியில் பரவலான குலப்பெயர், ஒளிப்படக்காரர் கெயிட்டாவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) புதிய நாட்டின் இளைஞர்கள் உழைப்பிலும் தேசியப் பண்பாட்டிலும் ஊன்றி நிற்க வேண்டும் என்று அவருடைய அரசு எதிர்பார்த்தது. மேற்கத்திய ஆட்டமும் குட்டைப் பாவாடையும் பழைய ஆண்டைகளின் எச்சமாக அதற்குத் தோன்றின. அரசு சார்ந்த காவற்படையினர் இளைஞர்களைக் கண்காணித்தனர்; உடைக்காகவும் தலைமுடிக்காகவும் பிடிபட்டோர் உண்டு. பமாக்கோவில் வளர்ந்த அறிஞர் மந்தியா தியாவரா இக்காலத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின இசையைப் பின்பற்றியதன் மூலம் இந்த இளைஞர்கள் குடியேற்ற ஆட்சியின் பண்பாட்டிலிருந்து தங்களுக்குரிய முறையில் விடுபட்டார்கள் என்பது அவருடைய வாதம்.

அரசின் பயத்திலும் முற்றாக நியாயமில்லை என்று சொல்ல முடியாது. நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த நாடு தனக்கென ஓர் அடையாளம் தேடியது. ஆனால் அந்த அடையாளத்தை ஆட்டக்காரர்களிடம் கேட்காமலே முடிவு செய்ததுதான் சிக்கல். 1968 நவம்பர் 19 அன்று இராணுவப் புரட்சியில் கெயிட்டாவின் ஆட்சி கவிழ்ந்தது. மூசா திராவோரே அதிகாரத்துக்கு வந்தார். விருந்துகள் அதன் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்தன.

பிற்காலம்

1970களின் பிற்பகுதியில் விருந்துப் படங்களுக்கான தேவை குறைந்தது. சிறிய கேமராக்கள் பலர் கைக்கும் வந்தன. பின்னர் வண்ணப்படம் கழுவும் கூடங்கள் வந்து கறுப்பு வெள்ளைத் தொழிலை ஒடுக்கின. சிடிபே அடையாள அட்டைப் படமும் ஸ்டுடியோப் படமும் எடுத்தார். பழுதான கேமராக்களைச் சரிசெய்வதிலும் அவருக்குப் பெயர் இருந்தது.

1990களின் தொடக்கத்தில் ஆந்த்ரே மானியன் என்ற பிரெஞ்சுக் கலை அமைப்பாளர் பமாக்கோ வந்தார். நியூயார்க்கில் பெயர் தெரியாத கலைஞரின் படைப்பு என்று காட்டப்பட்ட சில படங்களின் நகல்கள் அவர் கையில் இருந்தன. விசாரித்தபோது ஊரார் அவரைச் சிடிபேயிடம் கொண்டுபோய் விட்டார்கள். பார்த்தவுடனே அவை சேய்டு கெயிட்டாவின் படங்கள் என்று அடையாளம் காட்டியவர் சிடிபே. மூத்தவரைத் தேடி வந்தவருக்கு இளையவரின் பெட்டிகளும் திறந்துகொண்டன. 1995இல் பாரிசின் கார்ட்டியே அறக்கட்டளையில் சிடிபேயின் கண்காட்சி நடந்தது. 2003இல் ஆசல்பிளாடு பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். 2007இல் வெனிசு கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. ஒளிப்படக் கலைஞர் ஒருவருக்கு அது வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

சில்லறைக் காசுக்கு விற்ற படங்கள் காட்சிக்கூடங்களில் பெரும் விலைக்குப் போயின. அதில் உள்ளவர்களோ தம் நண்பர்களுக்குக் காட்டத்தான் நின்றார்கள், உலகம் பார்க்க அல்ல. இந்தப் படங்களின்மேல் ஆடியவர்களுக்கும் ஏதேனும் உரிமை உண்டா என்பது சட்டத்தால் எளிதில் தீர்க்கக்கூடியதல்ல.

சிடிபே 2016 ஏப்ரல் 14 அன்று பமாக்கோவில் காலமானார். வண்ண உறைகளில் ஒட்டிய பழைய பிரிண்டுகள் அந்த உருவத்திலேயே ‘செமீஸ்’, அதாவது ‘உறைகள்’ என்ற பெயரில் 2008இல் நூலாக வந்துள்ளன. பமாக்கோ ஒளிப்படக்காரர்கள் சிலரின் நெகட்டிவுகளை எண்மப்படுத்திப் பாதுகாக்கும் திட்டத்தில் அவருடையவையும் சேர்க்கப்பட்டன. உறைகளின் மேல் சங்கத்தின் பெயரும் தேதியும் எண்ணும் அவர் கையெழுத்தில் இன்றும் இருக்கின்றன. ஆடியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.