பசந்த்: வயலுக்கு மேல் பறந்த நம்ம ஊர் விமானம்

எங்கள் கூரம் பக்கத்து வயல்களில் தோளில் மாட்டும் தெளிப்பானைப் பார்த்தே வளர்ந்தவன் நான். மருந்தடிப்பதற்கென்றே இந்தியாவில் ஒரு விமானம் செய்தார்கள் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை!

வானிலிருந்து மருந்து தூவும் வேலை 1921-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் தொடங்கியது. மரங்களை அரித்த புழுக்களைக் கொல்ல, ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி பறந்தார். நம் நாட்டில் ஹெச்.ஏ.எல். உருவாக்கிய விமானம்தான் 'பசந்த்'. அதன் திருத்திய வடிவம் 1972 மார்ச் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒரே விமானி, ஒரே எஞ்சின்: எட்டு சிலிண்டர், 400 குதிரைத்திறன் கொண்ட லைகமிங். 1980-இல் உற்பத்தி நின்றது.

அந்த 'ஒரே எஞ்சின்'தான் விஷயமே. ஆயிரம் மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், சறுக்கியபடியே இறங்க இடம் தேடச் சில நிமிடங்கள் கிடைக்கும். பயிருக்கு மேல் சில மீட்டர் உயரத்தில் நின்றால்? மருந்தைக் கொட்டிச் சுமையைக் குறைக்கலாம். பிறகு எதிரே இருப்பதுதான் இறங்கும் இடம், அது மரமானாலும் சரி, மின்கம்பியானாலும் சரி.

அதனால் பாதுகாப்பு தரையிலேயே தொடங்குகிறது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, டாங்கின் அடியில் தங்கும். பறக்கும் முன் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். தூசி அடைத்த காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ. இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

விமான வரலாற்றில் விமானியின் பெயர் வருகிறது. அதிகாலையில் டாங்கை வடித்துப் பார்த்த மெக்கானிக்கின் பெயர் எங்கும் வருவதில்லை. ஆனால் விமானி வீடு திரும்பியது அவரால்தானே?