ஆரல்வாய்மொழியில் வாசல் எங்கே?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி என்றால் காற்றாடிகள்தான். முப்பந்தல் வரும்போதே காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். அதோடு சரி, ஊர் கடந்துவிடும். அந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பழைய வழக்கில் அது ஆரைவாய்மொழி. ஆரை என்றால் கோட்டை மதில். வாய் என்றால் வாசல். ஆரல் மீனை வைத்துக் கதை சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு மதில் கணக்குதான் பொருத்தமாகப் படுகிறது. மதிலும் வாசலும் பெயரில் இருக்கின்றன, ரோட்டில் இல்லை.

இடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடைவெளி விடுகிறது. கிழக்கிலிருந்து மாட்டுவண்டியும் குதிரையும் பீரங்கியும் நாஞ்சில் நாட்டுக்குள் சுகமாக நுழைய அந்த இடைவெளிதான் வழி. உள்ளே வந்துவிட்டால் வயலும் குளமுமாகக் கிடக்கும் நெல் நாடு. யாருக்குத்தான் ஆசை வராது? மதுரை நாயக்கர் படை இந்தப் பக்கம் பலமுறை வந்தது. 1630களில் கணியாகுளத்தில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்து நின்று செத்த இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதை ஒழுங்காக அடைக்க வேண்டும் என்று முடிவுசெய்து காரியமாகச் செய்தவர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக்காலம் 1729 முதல் 1758 வரை). அவருக்கு ஆள் கிடைத்தது எதிரி முகாமிலிருந்து. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரையே படைக்குப் பயிற்சி கொடுக்கவும் கோட்டை கட்டவும் ராஜா வைத்துக்கொண்டார். ‘வலிய கப்பித்தான்’ என்ற பட்டத்தோடு அவர் கடைசிவரை இங்கேயே இருந்து, 1777-ல் செத்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக்கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிலனாய் பேரில் சொல்லப்படும் கோட்டைகள் பலவும் அவர் புதிதாக ஆரம்பித்தவை அல்ல. உதயகிரி வேணாட்டு அரசர்கள் ஏற்கெனவே கட்டியிருந்தது. சுமார் 90 ஏக்கர் கோட்டையைப் பலப்படுத்தி, உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்தார்கள். பத்மநாபபுரத்தில் மண்கோட்டை இருந்தது. 1744 வாக்கில் அது கல்கோட்டையானது. வட்டக்கோட்டையும் அப்படித்தான், முன்பு இருந்ததைத் திருப்பிக் கட்டினார்கள். ஆக நாம் பழைய கோட்டை என்று கையைக் காட்டும் ஒவ்வொன்றும் ஒரு புனரமைப்பு. அந்தக் கருங்கல்லை வெட்டியவன், சுமந்தவன், ஏற்றி வைத்தவன் பேரெல்லாம் எந்தக் கல்லறையிலும் இல்லை. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கும் வழக்கம் இருந்த நாடு இது. ஊரில் ‘டிலனாய் கோட்டை’ன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

ஆரல்வாய்மொழி மதிலும் இந்தக் காலத்தில்தான் பலமான அரண் வரிசையானது. மலையிலிருந்து மலைக்கு ஏறக்குறைய இரண்டு மைல். இடையிடையே சிறு அரண்கள், ஐம்பதை ஒட்டிய பீரங்கிகள். நடுவில் ராஜபாட்டை நுழையும் வாசல். அதைக் காக்க இரண்டு பெரிய வட்டக் கொத்தளங்கள்.

அதற்குச் சோதனை வந்தது 1809-ல். 1805 உடன்படிக்கைப்படி கம்பெனிக்குத் திருவிதாங்கூர் வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடி தாங்காமல் தளவாய் வேலுத்தம்பி எதிர்த்துக் கிளம்பினார். தலக்குளத்துக்காரர், நம்ம ஊர் ஆள். ஜனவரி 11-ல் குண்டறையில் அறிக்கை விட்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் கர்னல் செயின்ட் லெஜரின் படை கிழக்கேயிருந்து ஆரல்வாய்மொழிக்கு வந்து நின்றது. நேராக வாசலில் மோதியிருந்தால் கொத்தளங்கள் பதில் சொல்லியிருக்கும். அவர்கள் மோதவில்லை. வெல்ஷ் என்ற அதிகாரி ஒரு சிறு படையோடு ராத்திரியில் தெற்குப் பக்கத்து மலைக்காட்டில் ஏறினார். மதில் மலையைத் தொடும் இடத்தில், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்த பக்கத்தில், பிப்ரவரி 10 விடியும்போது உள்ளே குதித்துவிட்டார்கள். மேலிருந்து சுட ஆரம்பித்ததும் கீழே வாசலைக் காத்தவர்களுக்கு முதுகுப்பக்கம் எதிரி. கலைந்து ஓடினார்கள். அதாவது அந்த வாசலை யாரும் முன்னாலிருந்து உடைக்கவே இல்லை. கொஞ்ச நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் கைமாறின. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். திருவிதாங்கூர் படையைப் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள்.

படை இல்லாத நாட்டுக்கு மதில் எதற்கு? அதற்குப் பிறகு ஆரல்வாய்மொழி வாசலைத் திருப்பிக் கட்ட யாருக்கும் தேவை வரவில்லை. ஆனால் எல்லை போகவில்லை. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்வரை இரண்டு ராஜ்யங்களின் விளிம்பு அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது. வாசல் இல்லாமலே அது வாசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது அதே பாதுகாப்பு ஏற்பாட்டின் கடற்கரை முனைக்குப் போங்கள். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம், சுவர்கள் நான்கு பக்கமும் நேராக ஓடுகின்றன. மூன்றரை ஏக்கர், இருபத்தைந்து அடி உயர மதில், முன்பக்கம் 29 அடி கனம், பின்பக்கம் ஆறு அடி. பீரங்கியை மேலே இழுத்துப்போகச் சரிவுப்பாதை உண்டு, நடுவில் குளம் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, நன்றாகப் பழுது பார்த்தும் வைத்திருக்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு இங்கிருந்து சுரங்கம் உண்டு என்பார்கள். நாற்பது கிலோமீட்டருக்கு, வழியெல்லாம் குளமும் வயலும் இருக்கிற ஊரில் சுரங்கம்! விடுங்கள்.

கோட்டையில் சில இடங்களில் மீன் செதுக்கியிருக்கிறது. அதைக் காட்டி, “இது பாண்டியன் கெட்டினதுல்லா, மீனு போட்டிருக்கு பாத்தேளா”ன்னு சொல்லுவாங்க. மீன் பாண்டியர் சின்னம்தான், சந்தேகமில்லை. இந்தக் கரை பாண்டியர் கையில் இருந்த காலமும் உண்டு. ஆனால் ஒரு கல்லில் மீன் இருந்தால் அந்தக் கல்லுக்குத்தான் அது சாட்சி, இன்று நிற்கும் சுவருக்கு அல்ல. திருப்பிக் கட்டுகிறவன் பழைய கல்லைத் தூரப்போட மாட்டான். நம் கோயில் திருப்பணிகளில் கல்வெட்டுக் கற்கள் தலைகீழாகப் படிக்கட்டில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

பெய்ஜிங்கில் யோங்திங்மென் என்றொரு வாசல் இருக்கிறது. வெளிநகரத்தின் தெற்கு வாசல், 1553-ல் கட்டியது. 1957-ல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று இடித்தார்கள். அப்புறம் மனசு கேட்காமல் 2004 வாக்கில் அதே இடத்தில் திருப்பிக் கட்டினார்கள். பழைய பெயர்க்கல் கிடைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் புது வாசலில் பெயர் வெட்டினார்கள். கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் மதில் கிடையாது. வாசல் தனியாக நிற்கிறது, வண்டிகள் சுற்றிக்கொண்டு போகின்றன.

ஆரல்வாய்மொழியிலும் அப்படியொரு வாசல் எழுப்பினால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆரல்வாய்மொழியின் அர்த்தமே மதில் மலையைத் தொட்ட இடத்தில்தான் இருக்கிறது. 1809-ல் எல்லாம் தீர்மானமானதும் அங்கேதான். அதை விட்டுவிட்டு நாலுவழிச்சாலையில் ஒரு வளைவு கட்டினால், கட்சி மாநாட்டு அலங்கார வளைவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதற்குச் செலவழிக்கும் பணத்தில் மதில் போன வழியை மலைச்சரிவு வரைக்கும் அளந்து ஒரு வரைபடம் போடலாம். வட்டக்கோட்டையில் எந்தச் சுவர் பழசு, எது மார்த்தாண்ட வர்மா காலம், எது தொல்லியல் துறை பூசியது என்று பார்க்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கலாம்.

வேலுத்தம்பிக்குத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலை இருக்கிறது. இங்கே சிலைகூட வேண்டாம், பஸ் நிறுத்தம் பக்கத்தில் ஒரு பலகை போதும். என்னிடம் கேட்டால் இப்படி எழுதுவேன்: ‘நாஞ்சில் நாட்டு மதில் இங்கே இருந்தது. வாசல் இந்த ரோட்டில். 1809 பிப்ரவரி 10 விடியற்காலையில் கம்பெனிப் படை நுழைந்தது இதன் வழியாக அல்ல, தெற்கே தெரியும் அந்த மலை வழியாக.’