மரபணுச் சுற்றுகளின் வரலாறு

ஒரு மரபணு இன்னொன்றை அடக்கும்படியோ முடுக்கும்படியோ கோத்து, உயிரணுவுக்குள் புகுத்தப்படும் அமைப்பு செயற்கை மரபணுச் சுற்று எனப்படுகிறது.

இதற்கான அடிப்படை 1961இல் கிடைத்தது. பால்சர்க்கரை இருக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதிகளை எசரிக்கியா கோலை பாக்டீரியா உருவாக்குவது எப்படி என்பதைப் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ இருவரும் விளக்கினர். சர்க்கரை இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வின் மீது அமர்ந்து மரபணுவை முடக்கி வைக்கிறது. சர்க்கரை வந்ததும் விலகிக்கொள்கிறது. இத்தகைய அடக்கிகளை விருப்பம்போல் இணைத்துப் பார்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

2000 ஜனவரியில், நேச்சர் ஆய்விதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் வந்தன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எலோவிட்ஸ், ஸ்டானிஸ்லாஸ் லீப்லர் ஆகியோர் மூன்று அடக்கிகளை வளையமாகக் கோத்தனர். முதலாவது இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும், மூன்றாவது மீண்டும் முதலாவதையும் அடக்கும். இதனால் பாக்டீரியா பச்சையாக ஒளிர்ந்து, மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. ஆனால் எல்லா உயிரணுக்களும் இப்படித் துடிக்கவில்லை. துடித்தவையும் விரைவில் ஒன்றுக்கொன்று தாளம் தப்பின. மற்றொரு கட்டுரை பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கார்ட்னர், கேன்ட்டர், காலின்ஸ் ஆகியோருடையது. அவர்களுடையது ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்கள் மட்டுமே கொண்ட சுவிட்ச். ஒரு வேதிப்பொருளால் அதைத் தட்டிவிட்டால், அப்பொருளை நீக்கிய பின்னும் நிலை மாறாது. பிரிந்து உண்டாகும் சேய் உயிரணுக்களும் அதே நிலையில் தொடரும்.

கண்ணைக் கவர்ந்தது முதலாவதுதான். ஆனால் உடலுக்குள் நடப்பதை அறிய, நினைவு வைத்திருக்கும் சுவிட்சே கூடுதலாகப் பயன்பட்டது எனலாம். குடலுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அங்கு கண்டதை வெளியே வரும்வரை பாக்டீரியா மறக்காமல் இருக்க வேண்டும். 2014இல் ஹார்வர்டின் பமீலா சில்வர் குழு, லாம்டா வைரசின் இயற்கைச் சுவிட்சை எ. கோலையில் பொருத்தி எலிகளுக்குக் கொடுத்தது. குடிநீரில் கலந்த வேதிப்பொருளை அது குடலில் உணர்ந்தது. கழிவிலிருந்து வளர்க்கப்பட்ட பாக்டீரியாக் கூட்டங்கள் தட்டில் நீலமாக மாறி அதைக் காட்டின. அங்கு உணரப்பட்டது நோயல்ல, ஆய்வாளர்களே கொடுத்த பொருள். 2017இல் அந்தக் குறையும் நீங்கியது: குடல் அழற்சியின்போது தோன்றும் டெட்ராதயோனேட்டை உணரும் பாக்டீரியா எலியின் குடலில் 6 மாதம் தன் திறனை இழக்காமல் வாழ்ந்தது.

அடுத்த ஆண்டே எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர். இரத்தக் கசிவை உணர்ந்தால் ஒளிரும் பாக்டீரியாவை, அந்த ஒளியைப் படித்துக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் மின்னணுக் கருவியுடன் ஒரே விழுங்கு மாத்திரையில் அடைத்துப் பன்றிகளில் சோதித்தனர். அதற்கு நினைவு தேவைப்படவில்லை.