சுயாதீனத்துக்கு யார் கையெழுத்திடுவது? அமெரிக்க வீட்டுக்கடனும் மதிப்பீட்டாளரின் உறுதிமொழியும்

அமெரிக்காவில் வீடு வாங்கக் கடன் கேட்கும் ஒருவருடைய விண்ணப்பத்தின் தலைவிதி, அவர் பெரும்பாலும் சந்தித்தேயிராத ஒருவர் எழுதும் அறிக்கையில் தங்கியிருக்கிறது. அவர்தான் ஆதன மதிப்பீட்டாளர். வீட்டைப் பார்வையிட்டு, அயலில் அண்மையில் விற்கப்பட்ட ஒத்த வீடுகளின் விலைகளோடு ஒப்பிட்டு, அதன் சந்தைப் பெறுமதி இவ்வளவு என எழுதிக் கையெழுத்திடுவது அவரது தொழில். அதற்கான கட்டணம் வழக்கமாகக் கடன் பெறுபவரின் பையிலிருந்தே போகிறது. ஆனால் மதிப்பீட்டாளரை அமர்த்துவது கடன் வழங்கும் நிறுவனம். அவரது வாடிக்கையாளரும் அந்த நிறுவனமே.

2009 இற்குப் பின்னர் இந்த மதிப்பீட்டாளர்கள் பலரிடம் அறிக்கையோடு சேர்த்து இன்னோர் உறுதிமொழியும் கேட்கப்படுகிறது. மதிப்பீட்டாளரின் சுயாதீனத்தைக் காக்கும் விதிகள் அனைத்தும் இந்தக் கடனில் பின்பற்றப்பட்டன என அவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பார்வைக்கு அது ஒரு வரிதான். ஆனால் அந்த விதிகளில் பெரும்பாலானவை கடன் வழங்குநரைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டவை. கடன் வழங்குநர் ஒழுங்காக நடந்தார் என்பதற்கு, அடுத்த வேலைக்கு அவரையே நம்பியிருக்கும் ஒருவரிடம் சாட்சி கேட்கப்படுகிறது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு வாங்குபவரும் விற்பவரும் 330,000 டொலர் விலை பேசுகிறார்கள். வங்கி 90 வீதம் கடன் தரத் தயார். ஆனால் பேசிய விலை, மதிப்பிட்ட பெறுமதி ஆகிய இரண்டில் குறைந்ததையே வங்கி கணக்கில் எடுக்கும். மதிப்பீட்டாளர் 300,000 டொலர் என எழுதினால் கடன் 270,000 ஆகக் குறைந்துவிடும். வாங்குபவர் மேலும் 27,000 டொலர் தேட வேண்டும், அல்லது விற்பவர் விலையைக் குறைக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் விற்பனை முறியும். அப்போது தரகருக்குத் தரகுப்பணம் இல்லை. கடன் பிரிவு ஊழியருக்கு ஊக்கத்தொகையும் இல்லாமற் போகலாம்.

அதே மதிப்பீட்டாளர் 330,000 என எழுதிவிட்டால் எல்லோர் வேலையும் முடிந்துவிடும். கடன் 297,000 டொலர், அதாவது வீட்டின் உண்மைப் பெறுமதிக்கு ஏறக்குறையச் சமம். பின்னர் சந்தை 10 வீதம் விழுந்தால் வீட்டின் பெறுமதி 270,000. கடனோ அதைவிட அதிகம். விற்றாலும் கடன் தீராது. அந்தச் சுமை வீட்டுக்காரரின் தலையிலும், அந்தக் கடனை வாங்கியவரின் தலையிலும் விழும். விற்பனை நாளன்று மகிழ்ந்தவர்கள் எவரும் அப்போது அருகில் இருக்கமாட்டார்கள்.

சட்டம் வந்த பாதை

1980களில் அமெரிக்கச் சேமிப்பு, கடன் நிறுவனங்கள் வரிசையாக வீழ்ந்தபோது, அதற்கான காரணங்களில் ஒன்றாக மோசமான மதிப்பீடுகளும் அடையாளம் காணப்பட்டன. 1989 இல் நிறைவேற்றப்பட்ட நிதி நிறுவனச் சீர்திருத்தச் சட்டம், மாநிலங்கள் மதிப்பீட்டாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. யூஸ்பாப் எனப்படும் பொதுத் தொழில் நியமங்களும் கட்டாயமாகின.

அவை மதிப்பீட்டாளரைக் கட்டுப்படுத்தினவே தவிர, அவரை நெருக்குபவரைப் பெரிதாகத் தொடவில்லை. 2000 ஆம் ஆண்டிலிருந்து மதிப்பீட்டாளர் அமைப்புகள் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டன. வேண்டிய பெறுமதியை எழுதாதவர்களுக்கு வேலை மறுக்கப்படுகிறது என்பதே முறைப்பாடு. ஏறத்தாழ 11,000 மதிப்பீட்டாளர்கள் அதில் ஒப்பமிட்டனர். நிதி நெருக்கடி விசாரணை ஆணைக்குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை இந்த மனுவைக் குறிப்பிடுகிறது. பெறுமதியை உயர்த்தும்படி நெருக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 2003 ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 55 வீதம் எனவும், 2006 அளவில் அது 90 வீதமாக உயர்ந்தது எனவும் அதே அறிக்கை கூறுகிறது.

2007 நவம்பரில் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபராக இருந்த அன்ட்ரூ கியூமோ, ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனமான ஈஅப்ரைஸ்-ஐடிக்கும் எதிராக வழக்குத் தொடுத்தார். வொஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் நெருக்குதலுக்கு இணங்கி உயர்த்தப்பட்ட மதிப்பீடுகளை வழங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வங்கி 2008 செப்டெம்பரில் வீழ்ந்தது. அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய வங்கி வீழ்ச்சி அது.

வழக்கோடு கியூமோ நிற்கவில்லை. வீட்டுக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபெனி மே, ஃபிரெடி மாக் ஆகிய இரு பெரும் நிறுவனங்களோடு 2008 மார்ச்சில் உடன்பாடு கண்டார். அதன் விளைவான வீட்டு மதிப்பீட்டு நடத்தைக் கோவை 2009 மே 1 இல் நடைமுறைக்கு வந்தது. 2010 ஜூலையில் டொட்–ஃபிராங்க் சட்டம் சுயாதீனத்தை நாடளாவிய சட்டக் கடமையாக்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் நடத்தைக் கோவையின் இடத்துக்கு மதிப்பீட்டாளர் சுயாதீனத் தேவைப்பாடுகள் வந்தன.

விதிகள் யாரிடம் பேசுகின்றன?

இந்த விதிகளின் சாரம் எளிது. கடன் விற்கும் பிரிவினர் மதிப்பீட்டாளரைத் தெரிவு செய்யக்கூடாது. எதிர்பார்க்கும் பெறுமதியை அவருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. கொள்வனவு ஒப்பந்தத்தின் பிரதியை மட்டும் தரலாம். கட்டணத்தை நிறுத்தி வைப்பேன், இனி வேலை தரமாட்டேன் என மிரட்டக்கூடாது. பெறுமதி சரிவந்தால் அடுத்த வேலையும் உனக்கே என ஆசை காட்டவும் கூடாது. மேலதிக விற்பனைத் தரவுகளைக் கவனிக்கும்படி, பிழையைத் திருத்தும்படி, விளக்கம் தரும்படி கேட்பதற்குத் தடையில்லை.

டொட்–ஃபிராங்க் சட்டம் விதித்த தண்டப்பணம் முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 10,000 டொலர் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 20,000 டொலர் வரை. கடன் முடிவதற்கு முன்பே மீறல் நடந்தது எனத் தெரிந்தால், மதிப்பீடு பெறுமதியைப் பெரிதாகப் பிறழக் காட்டவில்லை என உரிய கவனத்தோடு ஆராய்ந்து ஆவணப்படுத்தினாலன்றிக் கடன் வழங்க முடியாது. ஃபெனி மே, ஃபிரெடி மாக் ஆகியவற்றுக்குக் கடனை விற்கும்போது, சுயாதீன விதிகள் பின்பற்றப்பட்டதாகப் பொறுப்பேற்பவரும் கடன் வழங்குநரே. அந்தப் பொறுப்புப் பிழைத்தால் கடனைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரிடலாம்.

இந்த இடத்திலிருந்துதான் உறுதிமொழி கீழ்நோக்கி நகர்கிறது. கடன் வழங்குநர் தன் பொறுப்பின் ஒரு பங்கை இடையிலுள்ள மதிப்பீட்டு முகாமை நிறுவனத்திடம் கேட்கிறார். அந்த நிறுவனம் மதிப்பீட்டாளரிடம் கேட்கிறது.

தெரிந்ததும் தெரியாததும்

தன்னைத் தெரிவு செய்தவர் கடன் விற்கும் பிரிவைச் சேர்ந்தவரா என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருக்கு வருவது ஒரு மின்னஞ்சல் அல்லது இணையவழிக் கட்டளை மட்டுமே. தனக்கு முன் வேறொருவர் குறைந்த பெறுமதி எழுதி ஒதுக்கப்பட்டாரா என்பதும், தனது அறிக்கை போன பின் அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரியாததை அத்தாட்சிப்படுத்தினால் அது பொய்ச் சாட்சியாகிவிடக்கூடும்.

அவர் ஏற்கனவே சாட்சி சொல்லியும் இருக்கிறார். யூஸ்பாப் நியமங்களின்படி ஒவ்வோர் அறிக்கையிலும் கையெழுத்திட்ட உறுதிமொழி இருக்க வேண்டும்: அந்த ஆதனத்தில் தனக்கு என்ன நலன் உண்டு அல்லது இல்லை, எவர் மீதும் பக்கச்சார்பு இல்லை, முன்கூட்டித் தீர்மானித்த பெறுமதியை எழுதுவதில் தனது கட்டணம் தங்கியிருக்கவில்லை, கடந்த மூன்று ஆண்டுகளில் அதே ஆதனம் தொடர்பாக என்ன சேவை செய்தேன் என்பன அதில் அடங்கும். சாதாரண வீடுகளுக்கான 1004 இலக்கப் படிவத்தில் 25 உறுதிமொழிகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை மாற்றவோ நீக்கவோ முடியாது. சட்டம் வேண்டுவது போன்ற, அறிக்கையின் சாரத்தை மாற்றாத மேலதிக உறுதிமொழிகளைச் சேர்க்கலாம். 25 ஆவது உறுதிமொழி, வேண்டுமென்றோ கவனயீனமாகவோ பிறழக் கூறினால் குற்றவியல் தண்டனையும் வரலாம் என எச்சரிக்கிறது.

எனவே புதிய வரியின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. என்னை எவரும் நெருக்கவில்லை, எதிர்பார்க்கும் பெறுமதி எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை என எழுதுவது மதிப்பீட்டாளரின் அறிவுக்குட்பட்டது. இந்தக் கடனில் எல்லா விதிகளும் பின்பற்றப்பட்டன என எழுதுவது அதற்கு அப்பாற்பட்டது. 'எனக்குத் தெரிந்தவரை' என்ற இரண்டு சொற்கள் இங்கே மிகவும் பெறுமதியானவை. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதிகள் பல, ஒருவர் ஒப்பந்தத்தால் தானாக ஏற்றுக்கொண்ட மேலதிகப் பொறுப்பை உள்ளடக்குவதில்லை. அதனால் அகலமான வாசகத்தில் கையெழுத்திடுபவர், பிரச்சினை வரும்போது தனித்து நிற்க நேரலாம்.

மறுபக்க நியாயமும் உண்டு. நெருக்குதல் நடந்ததா என்பதை நேரடியாக அறிந்தவர் மதிப்பீட்டாளரே. அவரிடம் கேட்காமல் கடன் வழங்குநர் எப்படித் தெரிந்துகொள்வது? ஆனால் இங்கே பதிலுக்கு ஒரு சொல்லை மட்டுமே ஏற்கிறார்கள். கையெழுத்து இல்லையேல் அறிக்கை ஏற்கப்படாது, கட்டணமும் தாமதிக்கும் என்றால், நெருக்கப்பட்டவர் அதை வெளியே சொல்ல அந்தப் படிவத்தில் இடமேது?

வேறு வழி

இதே நாட்டில் வேறொரு முறையும் நடைமுறையில் இருக்கிறது. முன்னாள் படையினருக்கான வீட்டுக்கடன்களில், படையினர் விவகாரத் திணைக்களமே தனது பட்டியலிலிருந்து சுழற்சி முறையில் மதிப்பீட்டாளரை நியமிக்கிறது. கடன் வழங்குநர் தனக்கு வேண்டியவரைத் தேடிப் பிடிக்க முடியாது. அங்கே சுயாதீனம் பெரிதும் நியமன முறையிலேயே அமைந்திருக்கிறது.

வீட்டை முதல் ஈடாக வைக்கும் விண்ணப்பதாரருக்கு, கடன் முடிவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி கிடைக்க வேண்டும். அந்தக் கால உரிமையை அவர் வாய்மொழியாகவோ எழுத்துமூலமாகவோ விட்டுக்கொடுத்தால் மட்டும் கடன் முடியும் வேளையில் தரலாம். அவர் முதலில் தேடுவது பெறுமதி எழுதிய பக்கத்தை. உறுதிமொழிகள் உள்ள பக்கங்களையும் அவர் வாசிப்பது நல்லது. மதிப்பீட்டாளர் தான் செய்ததற்கு மட்டும் கையெழுத்திட்டிருக்கிறாரா, தான் பார்க்காததற்கும் சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.